ஹாரிஸ்மித்தில் இரவு தங்கக் கூடாது

போஸ்டரில் அவன் பெயர் டெக்ஸ்.
பெற்றவள் வைத்தது திருவேங்கடம்.
சாட்ஸ்வர்த், மூன்றாம் யூனிட்.
குதிரையை கிரேவில் பந்தயத் திடலில் மட்டும்
அதுவும் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவன்,
மாட்டுக்காரத் தொப்பி ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு
தான் போகாத தேசத்துத் தூசியைப் பற்றிப் பாடினான்.
நம்பினோம்.

கோம்பி வண்டி என்னுடையது. பாஸ் கிட்டாரும் நான்தான்.
கணக்கு நோட்டும் என்னிடம்:
டொங்காட், கல்யாணம், நாற்பது ராண்ட்.
ஸ்டாங்கர், ஓட்டல் லவுஞ்ச், இருபத்தைந்து.
உடைத்த கண்ணாடிக்குப் பதினெட்டு கழிவு.
லேடிஸ்மித்: பாடவில்லை.
லேடிஸ்மித் மறுபடி: பாடினான், ஐயோ,
பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள்
ஈரக் கையோடு வந்து கதவில் நின்றார்கள்.
அன்றைக்கும் வரவில் எதுவுமில்லை.
வாங்கிய கூலியை மேடையிலிருந்தே இறைத்துவிட்டான்.

குடித்தது கேன். கரும்பில் வடித்தது.
"பாட்டன் வெட்டிக் கொடுத்ததை
பேரன் திருப்பி வாங்கிக்கிறேன், விடு" என்பான்.
புரட்டாசியில் தொடமாட்டான்.
நெற்றியில் நாமம், இலையில் புளிச்சோறு,
குரல் விளக்கி வைத்த செம்பு மாதிரி இருக்கும்.
ஐப்பசி பிறந்த அன்று
முப்பது நாளையும் ஒரே ராத்திரியில் குடிப்பான்.
அவன் மனைவி சாலாச்சி ஒரு வருடம்
காலண்டரைக் கிழிக்காமலே விட்டுவிட்டாள்.
தை பிறந்த பிறகும் அந்தச் சமையலறையில்
புரட்டாசிதான் தொங்கியது.

எழுபத்தெட்டு, ஜூலை. லெனேசியாவில் சனிக்கிழமை கச்சேரி.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் இரவு தங்கக் கூடாது, சட்டம்.
வான் ரீனன் கணவாய் ஏறிவிட்டால்
பொழுது சாய்வதற்குள் வால் ஆற்றைத் தாண்டியாகணும்.
மூத்திரத்துக்குக்கூட நிறுத்தமாட்டேன்.

ஹாரிஸ்மித் தாண்டியதும் "நிறுத்து" என்றான்.
நிறுத்தவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான்.
இறங்கிப் போய், அறுத்த சோளக் கொல்லையின் வேலியோரம்
கிட்டார் பெட்டிமேல் உட்கார்ந்தான்.
"தங்கக் கூடாத ஊர் எப்படித்தான் இருக்கும்?
ஒரு ராத்திரி பார்த்துட்டு வரேன்."
டிரம்ஸ் சிவலிங்கம் அழுதான். வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை.

அது தைரியமா, கேனா,
எனக்கு இன்னும் தெரியாது.
நான் வண்டியை எடுத்தேன்.
கண்ணாடியில் தொப்பி சிறுத்துக்கொண்டே வந்தது.
லெனேசியாவில் அவன் பாட்டை நான் பாடினேன்,
சுருதியை இறக்கி வைத்துக்கொண்டு.
கை தட்டினார்கள். அதுதான்.

ஒன்பது நாள் கழித்து ரயிலில் வந்தான்.
இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.
"பனி" என்றான்.
பனிக்கு பூட்ஸ் உண்டா, திருவேங்கடம்?
கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிறகு சரசரவென்று போயிற்று.
சாலாச்சி பிள்ளைகளோடு வெருலம் போனாள்.
தொப்பி ஒரு பாட்டிலுக்குப் போனது, கிட்டார் மூன்றுக்கு.
பஸ் நிலையத்தில் வெறுங்கையால் தாளம் தட்டிப் பாடினான்.
ஒரு முறை நடுநிசியில் என் கதவை இடித்து
"லெனேசியாக் காசில் என் பங்கு?" என்றான்.
கொடுத்தேன். விளக்கடியில் எண்ணிப் பார்த்துவிட்டு
"நீ பாடினதுக்கு இது ஜாஸ்தி" என்று
பாதியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனான்.

எண்பத்து நான்கில், ஆஸ்பத்திரியில்,
முதலில் கால், பிறகு மீதி.

எண்பத்தாறில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.
அடுத்த ஜூலையில் ஹாரிஸ்மித்தில் வண்டியை நிறுத்தினேன்.
முன்மேசைப் பெண் தலை நிமிராமல்
எத்தனை பேர் என்று கேட்டாள்.
இரண்டு என்று எழுதி
இரண்டு பேருக்கும் காசு கட்டினேன்.