அடைத்த அறை

கையெழுத்துப் போட்ட அன்று
பேனாவை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
நீலப் பேனா.
மூன்றாம் மாதமே தீர்ந்துவிட்டது.

வீடு சோல்னோக்கின் ஓரத்தில்,
ரயில் பாதைக்கும்
சர்க்கரை ஆலை இருந்த வெற்றிடத்துக்கும் நடுவில்.
கடனோ சுவிஸ் பிராங்கில்.
அந்த நாட்டில் நாங்கள் கால் வைத்ததில்லை.
ஆனாலும் பல் துலக்கும்போதே
அதன் காசுக்கு இன்று எவ்வளவு காய்ச்சல் என்று
ரேடியோவில் கேட்டுக்கொள்வேன்.
நூற்று அறுபது.
நூற்றுத் தொண்ணூறு.
இருநூற்று நாற்பதில் சொங்கோர் ரேடியோவை அணைத்துவிட்டு
ரொட்டியை மெலிதாக வெட்டத் தொடங்கினான்.
யாரும் சொல்லவில்லை அவனிடம்.

கடனை அடைக்க
முதலில் சின்ன அறையை அடைத்தோம்.
குளிர்காலம் மட்டும், எரிவாயு மிச்சமாகட்டும் என்று.
கதவுக்கடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தோம்.
யாருக்கென்று வண்ணம் பூசிய அறை என்பதை
இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.
சாவித் துவாரத்தில் கொஞ்சம் மஞ்சள் தெரியும்.

பிறகு அவனுக்கு லின்ஸ் நகரில் இறைச்சிக் கிடங்கு.
வெள்ளி இரவுப் பேருந்தில் வருவான்,
ஞாயிறு மதியம் கிளம்புவான்.
வந்ததும் கேட்பது, "கட்டியாச்சா?"
நான் சொல்வது, "கட்டியாச்சு."
இதைவிடக் குறைவாகப் பேசிக் குடும்பம் நடத்தியவர்கள்
இருக்கிறார்களா, தெரியாது.

கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர்.
விலையைக் கேட்டேன். பிடுங்கச் சொன்னேன்.
அது ஒரு அக்டோபர் தவணை.
தங்கை போர்பாலாவின் கல்யாணத்துக்கு
வயிற்றுவலி என்று போகாமலிருந்தது மே மாதம்.
சொங்கோரின் அக்கார்டியன் வந்தது அரை வருடத்துக்கு.
மற்றவை எந்தெந்த மாதம் என்று மறந்துவிட்டது.
வெண்ணெய்க்காகத் தெருவே கேட்க ஒருமுறை கத்தினேன்,
அது மறக்கவில்லை.

வட்டி தின்ற ஆண்டுகளில்
வங்கித் தாளில் அசல் அசையவே இல்லை.
வீட்டில்தான் அசைந்தது.
சிரித்தால் தோள் குலுங்கும் ஒருவனைக் கட்டிக்கொண்டேன்.
பேருந்திலிருந்து இறங்குகிறவன்
ரசீதுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறான்.
எழுத்து மங்கிவிடுமாம்.
ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வைக்கிறான்.

போன செவ்வாய் கடைசித் தவணை.
கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்,
நாங்கள் கையெழுத்துப் போட்டபோது
நடக்கப் பழகியிருப்பாள்.
முத்திரை குத்தினாள். "வேறு ஏதாவது?" என்றாள்.
வேறு ஏதாவது.
பின்னால் வரிசை இருமும்வரை
இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.

வீடு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
போர்வையைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தான்.
நான் நினைத்து வைத்திருந்த மஞ்சள் இல்லை அது.
ஹீட்டரின் திருகைத் திருப்பப் பார்த்தான்.
இறுகிப்போயிருந்தது.
இடுக்கி எடுத்து வந்தான், எண்ணெய் விட்டான்.
"நாளைக்குள் ஊறிவிடும்" என்றான்.
எனக்கு நாற்பத்தாறு வயது.
"சரி" என்றேன்.

ஐந்தாம் தேதி, விடிகாலை நாலு மணிக்கு,
வழக்கம்போல் விழிப்பு வந்துவிட்டது.
பக்கத்தில் அவனும் விழித்துத்தான் கிடந்தான்.
"கட்டியாச்சா" என்றான், இருட்டைப் பார்த்து.
அவன் தோள் குலுங்கியது.
சிரிப்புதானா என்று
நான் தொட்டுப் பார்க்கவில்லை.