முப்பத்தொரு மைல்

அப்பப்பா போரில் என்ன செய்தார் என்று கேட்டால்
ஸ்காபரோவிலிருந்து மங்கை மாமி சொல்லுவா:
"இயக்கத்துக்கு ஓடினவர்."
சண்டிலிப்பாயில் குகதாசன் சித்தப்பா:
"சனத்துக்கு ஓடினவர், வேற ஒண்டுமில்லை."
என் அப்பா, "கார் ஓடினவர்" என்பார்.
பிறகு ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார்.

மிச்சமிருப்பது ஒரு சீ.ஆர். கொப்பி.
மட்டையில் சின்னப்பு தில்லையம்பலம்,
ஏ போர்ட்டி, சாம்பல் நிறம்.
உள்ளே பென்சிலால் கோடிழுத்து
எங்கிருந்து, எவ்விடம், எத்தனை மைல்,
ஏற்றியது, இறக்கியது, காசு.

எண்பத்துநாலு முழுக்கக் கலியாணங்கள்.
கீரிமலைக்கு ஆடி அமாவாசை, ஆறு பேர்,
ஒரு குழந்தை மடியில் என்று தனிக் குறிப்பு.
எண்பத்தேழு ஐப்பசியில் எழுத்துச் சாய்கிறது.
மாசியப்பிட்டி, மானிப்பாய் ஆசுப்பத்திரி.
ஏற்றியது இரண்டு, இறக்கியது ஒன்று.
மற்றவரை எங்கே விட்டார் என்பதற்குக்
கொப்பியில் நிரல் இல்லை.
தொண்ணூறுக்குப் பிறகு மண்ணெண்ணெய்.
பூச்சிமருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து
நாலு துளி விட்டால்தான் எஞ்சின் கண்விழிக்கும்.
அந்தத் துளிகளுக்கும் கணக்கிருக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது
எண்பத்தாறு வைகாசிக்கு. ஒரேயொரு வரி.
எங்கிருந்து: வீடு.
எவ்விடம்: வெறுமை.
மைல் முப்பத்தொன்று. ஏற்றியது மூன்று.
இறக்கியது: பென்சிலை ஊன்றி எடுத்த ஒரு புள்ளி.
காசு: தந்தவை.
அடுத்த நாள் பயணம் இல்லை.
"கார் கழுவினது" என்று மட்டும்.

அந்தக் கிழமை இயக்கம் இயக்கத்தைத் தேடியது.
ஒளிச்சவனும் பெடியன், தேடினவனும் பெடியன்.
மூன்று பேரைத் தப்பவைத்தாரா,
மூன்று பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தாரா.
மாமிக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டு கோடும் நீலமாயின.
மறுநாள் வந்தது பேரனின் பிறந்தநாள் கேக்.

போக வர முப்பத்தொன்று என்றால்
ஒரு வழி பதினைந்தரை.
போன சனி மோட்டார் சைக்கிளில் கிழக்கே போனேன்,
கிலோமீற்றரை மனசுக்குள் மைலாக்கிக்கொண்டு.
அச்சுவேலி கடந்து தொண்டைமானாற்றுப் பக்கம் முடிந்தது.
கடல், வள்ளம், அக்கரை.
தப்பத்தான் வைத்திருக்கிறார்!
ஒரு சோடா வாங்கி நின்று குடித்தேன்.

ஞாயிறு போகாமல் விட்டிருக்கலாம்.
நாவற்குழி தாண்டி, அதே பதினைந்தரை,
சாவகச்சேரிக்குச் சற்று முன் ஓர் ஒழுங்கை.
உயர்ந்த மதில், உள்ளே முற்றிய பலா.
எதிரே சைக்கிள் ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.
"முகாம் ஒண்டு இருந்தது."
"யாற்றை?"
ரியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி
குமிழி வருகிற இடத்தைப் பார்த்தபடி கேட்டார்:
"நீர் எந்த வருசத்தைச் சொல்லுறீர்?"

இன்னொன்று, கொப்பியில் இல்லாதது.
இரண்டாயிரத்து நாலு, அப்பப்பாவின் அந்தியேட்டி.
வீடு நிறையச் சனம், பந்தி நடக்கிறது.
வெளிநாட்டுச் சப்பாத்துடன் யாரோ ஒருவர் வந்து
படத்துக்குப் பூப் போடாமல்
"கார் நிக்குதோ?" என்று கேட்டார்.
கொட்டிலுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.
பின் சீற்றில் ஏறி, இடப்பக்க ஓரமாய் ஒடுங்கி,
கதவைச் சாத்திக்கொண்டார்.
நான் அணில் கலைக்கப் போய்விட்டேன்.
திரும்பி வந்தபோது கண்ணாடியில் மெல்லத் தட்டினார்.
வெளியிலிருந்து திறந்துவிட்டேன்.
"இந்தக் கதவு அப்பவும் உள்ளாலை திறவாது"
என்றார், என்னிடமல்ல.
சாப்பிடாமலே போனார்.

எனக்கு ஏழு வயது.
பேர் கேட்கவில்லை.