நடுவில் ஒரு பீன்

டான்டெனாங் மருத்துவமனை, அவசரப் பிரிவு,
நான்காவது திரைக்குப் பின்னால்
தவேந்திரன்.
கம்பளக் கிடங்கில் ஏணி சறுக்கி
இடது மணிக்கட்டு போய்விட்டது.
நான் அங்கே இல்லை.
முப்பது கிலோமீட்டர் தள்ளி, என் சமையல்மேடையில்,
பாதி நறுக்கிய வெங்காயத்தை ஒதுக்கிவிட்டு
காதில் கருவியை மாட்டியிருக்கிறேன்.
தொலைபேசி மொழிபெயர்ப்பாளர். நிமிடக் கணக்கில் கூலி.

இந்தத் தொழிலில் ஒரு விதி:
அவர் 'எனக்கு வலிக்குது' என்றால்
எனக்கும் வலிக்க வேண்டும்.
'அவருக்கு' என்று ஒதுங்கக் கூடாது.
காலையிலிருந்து நான்
ஏழு மாதக் கர்ப்பிணி,
இரண்டு வார வாடகை பாக்கி,
சர்க்கரை ஏறிய ஒரு பேருந்து ஓட்டுநர்.
இப்போது தவேந்திரன்.

'ஆல்கஹால் ஏதாவது?' என்றாள் செவிலி பிரிஜெட்.
கேள்வியில் வினைச்சொல்லே இல்லை.
நான்தான் ஒன்றைச் செய்து கொடுத்தேன்:
'குடிச்சிருக்கீங்களா?'
அவர் யோசித்தார். நேர்மையான மனிதர்.
'குடிச்சிருக்கிறன்.'
'ஐ ஹேவ் பீன் ட்ரிங்கிங்' என்றேன் நான்.

விசைப்பலகை சடசடத்தது.

மழை பெஞ்சிருக்கு என்று
ஈரத் தரையைப் பார்த்துச் சொல்வோம்.
ஊட்டிக்குப் போயிருக்கேன் என்று
இருபது வருடப் பழைய படத்தைக் காட்டிச் சொல்வோம்.
நமக்கு இரண்டும் ஒரே 'இருக்கு'.
எந்த இருக்கு என்று முகம் சொல்லிவிடும்.
தொலைபேசியில் முகம் கிடையாது.

பீன்.
ஓர் அவரை விதை அளவுச் சொல்.
அது இல்லையென்றால்
எப்போதோ ஒருநாள் குடித்துப் பார்த்த ஆள்.
நடுவில் வைத்துவிட்டால்
வாயில் இப்போதும் வாடை,
விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்,
சறுக்கியது ஏணி இல்லை,
காப்பீட்டுக்காரன் கோப்பை மூடிவிட்டு
தேநீர் குடிக்கப் போய்விடுவான்.

அதற்குள் அவர் தொடர்ந்தார்:
'ஒருக்காத்தான். மூத்தவள் பிறந்த அண்டைக்கு.
மச்சான் ஊத்தித் தந்தவர். சரியான கைப்பு.'

விதிப்படி குரலை மாற்றிக்கொண்டேன்.
'மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்.
தவறு என்னுடையது, அவருடையது அல்ல.
அந்த பீனையும் அதற்குப் பின்னால் வருவதையும்
எடுத்துவிடுங்கள்.'
'ஓ' என்றாள்.
அழிக்கும் விசை, ஒரே தாளத்தில்,
பதின்மூன்று முறை.
எண்ணினேன்.

பிறகு சுலபமாக இருந்தது.
வலி எப்போதிருந்து? காலை ஒன்பதரை.
அங்கே பீன் வேண்டும், போட்டேன்.
வலி இன்னும் வேலையில்தான் இருந்தது.
எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார்? மூன்று மணி நேரம்.
அதற்கும் ஒன்று, கொஞ்சம் அழுத்தியே.
பிரிஜெட் மன்னிப்புக் கேட்டாள்.

கடைசியாக, இந்த நாட்டில் எத்தனை காலம் என்றாள்.
'பன்னிரண்டு வருசமா இருக்கிறன்.
இன்னும் இடைக்கால விசாதான்.'

இலக்கணப் புத்தகம் இங்கே கைவிரித்துவிடும்.
இரண்டும் சரி என்கிறது.
பீன் போட்டால் மட்டும் ஒரு சாயல்:
பெட்டி இன்னும் பிரிக்கவில்லை,
செருப்பு வாசலைப் பார்த்துக் கிடக்கிறது,
எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.
கிளப்பலாம்.

'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்' என்றேன்.
பன்னிரண்டு வருடம் என்றேன்.
விசாவையும் சொன்னேன், ஒரு சொல் குறைக்காமல்.
விடப்பட்ட விதையை யாரும் தேடவில்லை.
அவருக்கும் தெரியாது.
படிவத்தில் ஓர் எண்தான் ஏறியிருக்கும்.

'போயிட்டு வாறன், அக்கா' என்றார்.
அக்கா யார் என்று அவள் கேட்பாள்.
எங்கே போய் எப்போது வருவார் என்றும் கேட்பாள்.
'பை' என்றேன், அவராக.

இருபத்து மூன்று நிமிடம்.
வெங்காயம் ஓரத்தில் காய்ந்திருந்தது.