அரை மதிப்பெண்

திங்கள் காலை எட்டேகால்.
வால்திவியாவில் மழை பெய்கிறது என்று எழுதுவது
காகிதத்துக்குக் கேடு.
நூற்று நாற்பது நனைந்த மேல்சட்டைகள்
வகுப்பின் சன்னல்களை ஆவியால் மூடியிருந்தன.
நான் குளுக்கோஸை உடைத்துக்கொண்டிருந்தேன்,
பத்துப் படிகளில்,
ஒன்பதாவது வருடமாக.

முதல் படியிலேயே செலவு, என்றேன்.
கைக்கு ஒன்றும் வருமுன்பே ஒரு ஏ.டி.பி. போய்விடும்,
மூன்றாம் படியில் இன்னொன்று.
செல்லுக்கு என்ன பைத்தியமா?
வருடா வருடம் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.
பின்வரிசையில் ஒருவன் கொட்டாவியை
நோட்டுக்குள் மடித்து வைத்தான்.

தேர்வில் அதையே கேட்டேன்.
பெரும்பாலோர் என் வாக்கியத்தைச் சலவை செய்து
என்னிடமே திருப்பித் தந்தார்கள்.
எலோய்சா மன்கியான் எழுதியிருந்தாள்:
"டீசல் ஊற்றாமல் படகு நியெப்லாவை விட்டுக் கிளம்பாது.
மீன் கிடைத்தபின் காசு தருகிறேன் என்றால்
பங்க்கில் தோன் எவாரிஸ்தோ சிரிப்பார்."
இரண்டு நொதிகளின் பெயரில் எழுத்துப்பிழை.
விடைக்குறிப்பில் டீசல் இல்லை.
அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் என்னையே மெச்சிக்கொண்டேன்.

வியாழன் மதியம் கதவைத் தட்டினாள்.
நன்றி சொல்ல வந்திருப்பாள் என்று
தேநீர்க் கோப்பையை நகர்த்தி இடம் செய்தேன்.
அவள் விடைத்தாளின் நாலாம் பக்கத்தை விரித்தாள்.
"இங்கே அரை மதிப்பெண் குறைகிறது."

ஹெக்சோகைனேஸ்.
குளுக்கோஸின் ஆறாம் கார்பனில்
ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும் படி.
ஒரு தலை அம்பு போட்டிருந்தாள்.
திருத்திய உதவியாளர் சிவப்பு மையில்
மறுமுனைக்கும் ஒரு தலை வரைந்திருந்தார்,
என் ஸ்லைடில் உள்ளபடி.

"மாட்டியபின் குளுக்கோஸ் வெளியே போகாது என்று
நீங்கள்தான் சொன்னீர்கள், ப்ரொஃபெசோரா.
எரித்த டீசலைத் திரும்ப டேங்கில் ஊற்ற முடியாது.
அம்புக்கு எதற்கு இரண்டு தலை?"

ஸ்லைடைத் திறந்தேன்.
இருந்தது.
நீல நிறத்தில், அழகாக, இரண்டு தலையோடு.

ஒன்பதை நூற்று நாற்பதால்
மனம் பெருக்கத் தொடங்கியது; நிறுத்தினேன்.
பிரசவ வார்டில், சால்மன் பண்ணையில், பீர் ஆலையில்
யாரோ ஒருவர் தலைக்குள் இன்னும்
அந்தப் படி பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.
நல்லவேளை, அவர்களுடைய செல்கள்
என் ஸ்லைடைப் படிப்பதில்லை.

அரை மதிப்பெண்ணைச் சேர்த்தேன்.
கூட்டலைச் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.
தேநீர் வேண்டாமாம், பேருந்துக்கு நேரமாகிவிட்டதாம்.
அவள் உட்கார்ந்த நாற்காலியில்
லேசாக டீசல் மணந்ததா,
நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

அம்பின் ஒரு தலையை அழிக்க
ஒரு நொடிகூட ஆகவில்லை.
இரண்டாம் படிக்குப் போனேன்.
அங்கே இரண்டு தலை இருக்கலாம், சரிதான்.
மூன்றாம் படியை
மாலை வரை திறக்கவில்லை.