பாதிக் கூரை

பதினொரு நிமிடம்.
துவாரகன் போனில் பிடித்து வைத்திருக்கிறான்,
அதனால் கணக்குப் பிழைக்காது.
மூன்றாவது நிமிடத்தில் ஒரு குரல்
"காரை உள்ளே விடுங்கோ, காரை உள்ளே விடுங்கோ" என்கிறது.
எங்களுக்குக் கராஜ் இல்லையென்பது
அந்தக் குரலுக்கு நான்காவதில்தான் ஞாபகம் வருகிறது.
குரல் என்னுடையது.

ஓய்ந்த பிறகு வெளியே போனேன்.
கல்கரியின் வடகிழக்கு மூலை
ஜூலை மாதத்தில் வெள்ளை.
தக்காளிக்குத் தண்டு மட்டும் மிச்சம்.
மேற்குச் சுவரின் பிளாஸ்டிக் பலகைகளில்
கை நுழையும் ஓட்டைகள்.
புல்லில் கிடந்ததில் பெரியதாய் ஒன்றைப் பொறுக்கி
பையில் போட்டு, தேதி எழுதி,
பிரீசரில் வைத்தேன்
கறிவேப்பிலைக்கும் சூடை மீனுக்கும் நடுவே.
சாட்சி.
அன்றைக்கு அது தேசிக்காய் அளவு.

விடியவே கதவு தட்டல்.
வேறு மாகாணத்து நம்பர் பிளேட், புத்தம்புதுப் பெயரட்டை.
ஏணியில் ஏறாமலே
எங்கள் கூரையின் வியாதி தெரிந்தவர்கள்.
இன்றே கையெழுத்து வைத்தால் சாக்கடைத் தகரம் இலவசமாம்.

எங்களுடையது இரட்டை வீடு.
நடுச்சுவருக்கு அப்பால் மாரிவிக்,
அவளுடைய ஞாயிற்றுக்கிழமைக் கரோக்கி,
வதங்கும் பூண்டு.
கூரை ஒன்று.
காப்புறுதிக் கம்பெனி இரண்டு.

அவளுடைய ஆள் இரண்டாம் வாரம் வந்தார்.
எங்களுடையவர் ஏழாம் வாரம்.
பத்தடிக்குப் பத்தடி சதுரம் கீறி
ஆலங்கட்டி விழுந்த இடமெல்லாம்
வெண்கட்டியால் வட்டம் போட்டார்.
கீழே நின்று பார்க்க
கணக்குக் கொப்பியில் பிழை சுழித்த மாதிரி.
இறங்கி வந்தவரிடம் பையை நீட்டினேன்.
உள்ளே நெல்லிக்காய் அளவில் ஒன்று.
ஐஸ் உருகாமலே தேயும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
"அளவு எங்கள் பைலில் இருக்கிறது" என்றார்,
மரியாதையாக,
தொடாமல்.

கடிதம் வந்தது.
ஓட்டைச் சுவருக்கு ஒத்துக்கொண்டார்கள்.
கூரையில் இருப்பது தோற்றக் குறைபாடு மட்டுமே.
அந்த வசனத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்தது நான்தான்.
தோற்றம் என்றால் எங்களுக்கு
மரண அறிவித்தலில் மறைவுக்கு மேலே வரும் சொல்.
கூரைக்கு வயது பதினாறு.
தேய்மானம் கழித்து அவர்கள் தரும் தொகை
நாங்கள் முதலில் கட்ட வேண்டியதைவிட
நூற்று நாற்பது டொலர் குறைவு.

மழை வந்தால்
மாடி அறையில், நடுச்சுவரோரம்,
அரிசி களையும் சட்டி.
டொக்.
படுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது இன்னொரு டொக்.

செப்டம்பரில் மாரிவிக்கின் பாதிக்கு ஆட்கள் வந்தார்கள்.
உச்சியிலிருந்து ஓரம்வரை நூல் பிடித்து
நீலக்கோடு அடித்தார்கள்.
அந்தப் பக்கம் கரிநிறம்.
இந்தப் பக்கம் வெயிலில் வெளுத்த மண்ணிறம்.
கோட்டின்மேல் மேஸ்திரி நெடுநேரம் நின்றான்.
பிறகு கீழே குனிந்து ஏதோ கேட்டான்.
மாரிவிக் என்னைப் பார்த்தாள்,
மேலே பார்த்தாள்,
கையை வீசி ஏதோ கத்தினாள்.
ஆணித் துப்பாக்கி மறுபடி தொடங்கியது,
கோட்டைத் தாண்டி,
எங்கள் பக்கம் மூன்றடி.

வேலிக்கருகில் போய் நின்றேன்.
"உனக்காக இல்லை" என்றாள்.
"அங்கே நிறுத்தினால் எனக்குத்தான் ஒழுகுமாம்."
அது உண்மையாகவும் இருக்கலாம்.

மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.
பிரீசரில் இப்போது
புளியங்கொட்டை அளவில் ஏதோ இருக்கிறது.
பையில் தேதி மட்டும் தெளிவாக.

நேற்று இரவு முழுக்க மழை.
சட்டியை வைத்துவிட்டு விழித்துக் கிடந்தேன்.
காலையில் அடி காய்ந்திருந்தது.
கீழே கொண்டுவந்து
அரிசி போட்டுக் களைந்தேன்.