இரண்டு மதிப்பெண்

சோனாங்குப்பத்தில் பதினோராவது வீடு.
அஞ்சலாட்சியின் கையில் பட்டையைச் சுற்றி
மெர்லின் காற்றை இறக்குகிறாள்:
நூற்றெழுபத்தெட்டு, நூற்றுநான்கு.

அடுத்த வரி எனக்கு மனப்பாடம்.
உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும்;
சொன்னால் இரண்டு மதிப்பெண்.
பேனாவைத் திறந்து காத்திருக்கிறேன்.

வாசல் தார்ப்பாயில் காரப்பொடி காய்கிறது.
அஞ்சலாட்சிக்கு முழங்கை வரை
கல்லுப்பு பூத்திருக்கிறது.

மெர்லின் சொல்லவில்லை.
"மாத்திரை எப்பக்கா தீந்துச்சு?"
"அது ஆச்சு, மாசி மகத்துக்கு முந்தியே.
செவ்வாக்கெழமதான் குடுக்குறாங்க, ஒம்போது மணிக்கு.
ஏலத்த உட்டுட்டு எவ போவா?"

செவ்வாய், ஒன்பது மணி.
அந்த நேரத்தை வைத்தவன் நான்தான்.
கல்லூரிப் பேருந்துக்கு அதுதான் தோது.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள்,
கோணல் எழுத்தில்.
அடிக்கோடு வேறு.

பாலம் தாண்டிய பிறகும்
அந்த இரண்டு மதிப்பெண்ணை என்ன செய்வதென்று தெரியவில்லை.
பேருந்தெங்கும் கருவாட்டு வாசம்.
காசு வேண்டாமென்று அவள் திணித்த பொட்டலம்,
இன்னும் சரியாகக் காயாதது,
என் மடியில், மதிப்பெண் தாளின் மேல்
கசிந்துகொண்டிருக்கிறது.