அரை மணிக்கு ஒரு முகவரி

மார்ச். ஆற்றில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.
தார்த்துவில், சைக்கிள் கடைக்கு மேலே,
ஊர்மோவின் சமையலறையில் மூன்று பேர்.
மேசையில் கறுப்பு ரொட்டி, டப்பா மீன்,
குழந்தையின் ஒற்றைக் காலுறை.
பேச வேண்டியது ஒன்றுதான்:
நிரலை எங்கே குடிவைப்பது?

பெரிய மென்பொருள் இல்லை எங்களுடையது.
பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று
சின்ன ஊர்களுக்குக் கணக்குச் சொல்வது.
பதினான்கு ஊர்கள் நம்பியிருக்கின்றன.
அதில் ஒன்றில் பேருந்தே இரண்டுதான்.

போன செவ்வாய்வரை
பெரிய கம்பெனியின் மாளிகையில் இருந்தோம்.
ஓசி.
நாற்பது பக்க ஒப்பந்தத்தை
ஒருவரும் படித்ததில்லை, நான் உட்பட.
செவ்வாய் காலை
தப்ரீசில் அய்லாருக்குக் கதவு திறக்கவில்லை.
ஏதோ ஒரு பட்டியலில் அவள் நாடு.
அவள் செய்த அறுபத்தொரு திருத்தங்களிலும்
பெயர் இருந்த இடத்தில் சாம்பல் வட்டம்.
‘இப்படி ஒரு பயனர் இல்லை.’

இல்லையாம்.
உலகத்துக் கடிகாரங்களெல்லாம்
முழு மணியில்தான் விலகி நிற்கும் என்று
மூன்று வருடம் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோது
‘எங்களுக்கு மூன்றரை’ என்று
ஒற்றை வரியில் வழுவைச் சொன்னவள்.

மாரிகா அட்டவணை போட்டு வந்திருந்தாள்.
பெர்லினில் ஒரு சங்கம் இடம் தருகிறது,
நல்லவர்கள், ஞாயிறுகளில் வழங்கி படுத்துவிடும்.
மாதம் ஒன்பது யூரோவுக்கு ஒரு வாடகை அறை.
அல்லது
ஊர்மோவின் துடைப்ப அலமாரியில்
மூடி உடைந்த பழைய மடிக்கணினி.
“ராத்திரி இரண்டு மணிக்கு அது செத்தால்
யார் எழுந்து பார்ப்பது?”
“நான்தான் எப்படியும் முழித்திருக்கிறேனே,” என்றான் ஊர்மோ.
உள்ளே குழந்தை இருமியது.

அரட்டைக்கு எது என்று வேறு ஒரு மணி நேரம்.
பொம்மை முகம் வேண்டும் என்றாள் மாரிகா.
எழுத்து மட்டும் போதும் என்றேன்.
சூப் ஆறிப்போனது.

நடுவில் அய்லாரின் கடிதம், பழைய மின்னஞ்சலில்:
‘என் ஒருத்திக்காக மாளிகையை விடாதீர்கள்.
புதிதாய் வருகிறவர்கள் கூட்டம் இருக்கும் தெருவில்தான் தேடுவார்கள்.
நானே அப்படித்தான் உங்களைக் கண்டேன்.
திருத்தங்களை இணைப்பாய் அனுப்புகிறேன், ஒட்டிக்கொள்ளுங்கள்.
ஒன்று மட்டும். அந்த அரை மணியில்
என் பெயரைத் திரும்ப எழுதிவிடுங்கள்.’

ஓட்டெடுப்பு.
ஊர்மோ கை தூக்கினான், மாரிகா தூக்கினாள்.
நான் தூக்கவில்லை.
அவள் சொன்னது சரி என்று நினைத்தேன்.
இன்றைக்கும் முழுதாய் மாறிவிடவில்லை.

சனிக்கிழமை அலமாரியைக் காலி செய்தோம்.
துடைப்பம் குளியலறைக்குப் போனது.
களஞ்சியத்தை வரலாற்றோடு இறக்க
இருபத்திரண்டு நிமிடம்,
பெயர்களைச் சரிபார்க்க நான்கு மணி நேரம்.
சாம்பல் வட்டங்களை ஒவ்வொன்றாய் அழித்து
அய்லார், அய்லார், அய்லார் என்று
அறுபத்தொரு தடவை தட்டியது நான்தான்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மாளிகை வாசலில் ஒரு சீட்டு ஒட்டினோம்:
‘வீடு மாறிவிட்டோம்.’

மூன்றாம் நாள் ராத்திரி ஊர்மோ
குழந்தைக்குப் பால் சூடாக்க
எந்த பிளக் என்று பார்க்காமல் பிடுங்கிவிட்டான்.
பதினான்கு ஊர்களும் உறக்கத்தில்.
மாரிகா உறக்கத்தில். நான் உறக்கத்தில்.

என் தலைமாட்டில் போன் ஒருமுறை அதிர்ந்தது:
‘உங்கள் அலமாரிக்குத் தூக்கமா?’
எங்களுக்கு இரண்டு பத்து.
அவளுக்கு மூன்று நாற்பது.

எழுந்து ஊர்மோவைக் கூப்பிட்டேன்.
மாளிகை வாசலுக்கு இன்னும் ஆட்கள் வந்து தட்டுகிறார்கள்.
வாரம் ஒருமுறை போய்க்
கடிதங்களை அள்ளிக்கொண்டு வருகிறேன்.